தூரிலிருந்து அஸே வரை: லுவார் கரையில் ஒரு நாள் சைக்கிள்

ஜூன் கடைசியில் பாரிஸ் வருகிறீர்கள், கையில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது, நீங்களும் மனைவியும் பதினான்கு வயது மகளும் லுவார்ப் பள்ளத்தாக்கில் சைக்கிளில் கோட்டைகள் பார்க்க ஆசைப்படுகிறீர்கள். ஷாம்போர், ஷெனோன்சோ, வில்லாந்திரி மூன்றையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா என்பது கேள்வி. சைக்கிள் தொட்டுப் பல வருடம் ஆகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முடியாது. ஷாம்போரிலிருந்து ஷெனோன்சோவுக்கு ஐம்பது கிலோமீட்டர் வரும், அங்கிருந்து வில்லாந்திரிக்கும் ஏறக்குறைய அதே தூரம். வேனில் ஏறிப் போனால் மூன்றையும் பார்க்கலாம். ஆனால் நான் கவனித்தவரை, அப்படிப் போய் வந்தவர்களுக்கு எந்தப் படிக்கட்டு எந்தக் கோட்டையில் இருந்தது என்பது மாலைக்குள்ளேயே குழம்பிவிடுகிறது. தூர் நகரில் சில வருடங்கள் இருந்தேன். இந்தப் பக்கத்துப் பாதைகளில் ஏழெட்டு முறை போயிருப்பேன், சிலமுறை ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களோடு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு நாளைக்கு ஒரு தோட்டம், ஒரு கோட்டை. மீதி நேரம் ஆற்றுக்கு. உங்களுக்கு நான் சொல்லும் வழி தூர், சவோன்னியேர், வில்லாந்திரி, அஸே-லெ-ரிதோ. மொத்தம் முப்பது கிலோமீட்டர் சுமார். திரும்பும்போது ரயில்.

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து தேஜெவே என்ற அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். சில வண்டிகள் தூர் நகருக்குள் வராமல் பக்கத்து சென்-பியேர்-தெ-கோர் நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து தூர் ஐந்து நிமிடம்தான், தொடர் ரயில் உண்டு. சைக்கிளைப் பாரிஸிலிருந்து கொண்டுவர வேண்டாம், தூரிலேயே வாடகைக்கு எடுங்கள். ஜூனில் முன்பதிவு அவசியம். கடையில் நின்று அவசரப்படாமல் சீட் உயரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: பெடல் கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நேராக நீள வேண்டும். பல வருடம் ஓட்டாதவர்களுக்கு முழங்கால் வலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தூரம் இல்லை, தாழ்ந்த சீட்தான். பஞ்சர் ஒட்டும் பெட்டி, பம்பு, பூட்டு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பூட்டு ரொம்ப முக்கியம், தோட்டத்துக்குள் இரண்டு மணி நேரம் போய்விடுவீர்கள் அல்லவா. மின்சார சைக்கிள் எடுத்தாலும் தப்பில்லை. 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் மோட்டார் உதவாது, ஆனால் எதிர்காற்றில் அதன் அருமை தெரியும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு ஓடும் திசையிலேயே போகிறோம், சுலபமாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தச் சமவெளியில் ஆற்றின் இறக்கம் காலுக்கே தெரியாது. காற்றோ பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கமிருந்து, அதாவது மேற்கிலிருந்து முகத்தில் அடிக்கும். அதனால்தான் காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போது மேற்கே மிதித்துப் போய், மாலையில் ரயிலில் திரும்பச் சொல்கிறேன்.

தூர் நகரம் லுவாருக்கும் ஷேர் என்ற துணையாறுக்கும் நடுவே இருக்கிறது. பழைய ஊரின் நடுவில் பிளாஸ் ப்ளுமெரோ என்ற சதுக்கம், சுற்றிலும் மரச்சட்டம் தெரியும் பழைய வீடுகள். ஒரு காபி குடிக்க அரை மணி நேரம் ஒதுக்கலாம். கதீட்ரலைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் லுவார் மேலுள்ள கல் பாலம் வரை மட்டும் ஒருமுறை போய் வாருங்கள். 18ஆம் நூற்றாண்டுப் பாலம், 1978 ஏப்ரலில் அதன் ஒரு பகுதி இடிந்து ஆற்றில் விழுந்தது. வெள்ளம் வந்து விழவில்லை. ஆற்றில் மணல் எடுத்து எடுத்துப் படுகை தாழ்ந்து போய், தூண்களின் அடித்தளம் பிடிப்பு இழந்துதான் விழுந்தது. மணல் அள்ளிய ஆறுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாலத்தில் நின்று மணல் திட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

லுவார் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஆறு, பிரான்ஸிலேயே நீளமானது. கோடையில் மெலிந்து, நடுவில் மணல் திட்டும் புதருமாகக் கிடக்கும். பார்த்தால் இறங்கிக் குளிக்கலாம் போலத் தோன்றும். தயவுசெய்து இறங்காதீர்கள், மகளையும் விடாதீர்கள். மேலே அசையாமல் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும், மணல் காலுக்கடியில் சரியும். இதே ஆறு 1846, 1856, 1866 என்று பத்து வருடத்துக்கு ஒருமுறை பெருவெள்ளம் கண்டது. கரையோர ஊர்களில் சுவர்களில் அந்த வருடங்களைச் செதுக்கி வெள்ளம் நின்ற உயரத்தைக் குறித்திருப்பார்கள். தலைக்கு மேலே இருக்கும் கோடுகளையும் பார்ப்பீர்கள். இடைக்காலத்திலிருந்தே இங்கே ஆற்றோரம் நீளமாக மண் கரை எழுப்பிவந்திருக்கிறார்கள், சைக்கிள் பாதை பல இடங்களில் அந்தக் கரையின் மேல்தான் போகிறது. 'லுவார் ஆ வெலோ' என்று பலகை போட்ட பாதை, மொத்தம் 900 கிலோமீட்டர் அளவு, அட்லாண்டிக் கடலிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 என்ற சைக்கிள் தடத்தின் ஒரு துண்டு. பலகையைப் பார்த்துப் போனாலே போதும், வரைபடம் அவ்வளவாகத் தேவைப்படாது.

தூரிலிருந்து நீங்கள் பிடிக்கப்போவது ஷேர் கரைப் பாதை. நகரத்தின் புறப்பகுதி முடிய அரை மணி நேரம் ஆகும், அது வரை பெரிதாக ஒன்றும் இல்லை. அப்புறம் வயல், பாப்ளர் மரம், அமைதியான தண்ணீர். சவோன்னியேரில் நின்று மூச்சு வாங்கலாம். தட்டையான அடி வைத்த மரப்படகுகள் கரையில் கட்டியிருக்கும். ஆழமில்லாத, மணல் நிறைந்த இந்த ஆறுகளுக்கென்றே உருவான படகு வகை அது. ரயில் வருவதற்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கின் சரக்கெல்லாம் ஆற்றில்தான் போனது. ஊரில் சுண்ணாம்புக் குகைகள் உண்டு. சொட்டும் நீரில் வைத்த பொருள் மேல் சுண்ணாம்பு படிந்து படிந்து கல்லாகிவிடும். ஜூன் வெயிலில் உள்ளே குளுகுளு என்றிருக்கும். ஆனால் நேரம் சாப்பிடும், உங்கள் மகள் ரொம்பக் கேட்டால் மட்டும் போங்கள்.

பாதையோரம் வெளிறிய பாறைச் சரிவுகளைக் காண்பீர்கள், சிலவற்றில் கதவும் ஜன்னலும் இருக்கும். துஃபோ என்ற மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புக்கல் அது. கோட்டை, தேவாலயம், வீடு எல்லாவற்றுக்கும் இந்தக் கல்லைத்தான் வெட்டினார்கள். வெட்டிய பள்ளத்தில் மனிதர்கள் குடியேறினார்கள், ஒயின் வைத்தார்கள், காளான் வளர்த்தார்கள். அறுக்க லேசான கல் என்பதால்தான் இங்கே ஜன்னல் சட்டத்தில்கூட இவ்வளவு செதுக்கல் வேலை.

இந்தச் சின்னப் பகுதியில் ஏன் இத்தனை கோட்டை என்று மகள் கேட்பாள். இங்கிலாந்தோடு நடந்த நூறாண்டுப் போரில் 1418இல் பாரிஸ் எதிரிகள் பக்கம் போய்விட, இளவரசர் சார்ல் தெற்கே தப்பி வந்தார். பின்னால் ஏழாம் சார்லாக முடிசூடியவர். அதிலிருந்து ஏறக்குறைய நூறு வருடம் பிரெஞ்சு அரசர்கள் அதிகம் தங்கியது லுவார் பக்கத்தில்தான். 1528இல் முதலாம் பிரான்சுவா இனி பாரிஸ் பக்கம்தான் இருப்பேன் என்று அறிவிக்கும் வரை இதுதான் நாட்டின் நடு. அரசர் இருக்கும் இடத்தில் அதிகாரிகளும் வீடு கட்டுவார்கள் அல்லவா? நீங்கள் பார்க்கப்போகும் இரண்டு கோட்டைகளும் அரசர்கள் கட்டியவை இல்லை. அரசரின் பணத்தைப் பார்த்துக்கொண்ட கணக்குப்பிள்ளைகள் கட்டியவை. இது தெரிந்து போய்ப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும்.

முதலில் வில்லாந்திரி. பழைய பெயர் கொலம்பியே. 1189 ஜூலை 4 அன்று இங்கே நின்ற பழைய கோட்டையில்தான் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி, பிரெஞ்சு அரசர் பிலிப்பிடம் தோல்வியை ஒப்புக்கொண்டார். இரண்டே நாளில் பக்கத்து ஷினோனில் இறந்துபோனார். முதலாம் பிரான்சுவாவின் நிதி அதிகாரி ஷான் லெ ப்ரெத்தோன் 1530களில் அந்தக் கோட்டையை இடித்து இப்போதுள்ள மாளிகையைக் கட்டினார். பழைய காவல் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார், அது இன்னும் நிற்கிறது.

ஆனால் நாம் வருவது தோட்டத்துக்கு. அதன் கதை 1906இல் தொடங்குகிறது. ஜோவாக்கிம் கார்வாயோ என்ற ஸ்பானிய மருத்துவர், பாரிஸில் ஷார்ல் ரிஷேயின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். ரிஷே பின்னாளில் 1913இல் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி. அதே ஆய்வுக்கூடத்தில் சந்தித்த ஆன் கோல்மன் என்ற அமெரிக்கப் பெண்ணை கார்வாயோ மணந்தார். இருவரும் வில்லாந்திரியை வாங்கினார்கள், கார்வாயோ ஆராய்ச்சியை விட்டுவிட்டார். அப்போது வீட்டைச் சுற்றி இருந்தது ஆங்கிலேயப் பாணிப் பூங்கா, 19ஆம் நூற்றாண்டு மோகம். அதை அகற்றி, மண்ணைத் தோண்டிப் பழைய படித்தளங்களை வெளிக்கொண்டுவந்து, பழைய வரைபடங்களைப் படித்து 16ஆம் நூற்றாண்டுத் தோட்டத்தை மறுபடி எழுப்பினார்கள். இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

உள்ளே போனதும் கீழே ஓடாதீர்கள். முதலில் மேலே ஏறுங்கள், மேடையிலிருந்தோ கோபுரத்திலிருந்தோ முழுத் தோட்டத்தையும் பாருங்கள். மூன்று தளம் தெளிவாகத் தெரியும். மேல்தளத்தில் தண்ணீர்: 15ஆம் லூயி காலத்துக் கண்ணாடி வடிவத்தில் ஒரு பெரிய குளம். நடுத்தளத்தில் அலங்காரத் தோட்டம்: குட்டையாக வெட்டிய பாக்ஸ் செடி வேலிகளால் மென்மையான காதல், வேகம் மிகுந்த காதல், நிலையில்லாத காதல், துயரக் காதல் என்று நான்கு சதுரம். துயரக் காதலில் வாள் வடிவம். மகளிடம் பெயரைச் சொல்லாமல் எது எந்தக் காதல் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் காய்கறித் தோட்டம்.

காய்கறித் தோட்டத்துக்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போனேன். ஒரே அளவில் ஒன்பது சதுரம், ஒவ்வொன்றிலும் வேறு கோலம். கோலம் என்ற சொல் இங்கே அப்படியே பொருந்துகிறது. மேலே இருந்து பார்த்தால் நீலமும் சிவப்பும் பச்சையுமாக வண்ணப்பொடி இட்ட மாதிரி இருக்கும். இறங்கிப் பக்கத்தில் போனால் நீலம் லீக்ஸும் முட்டைக்கோஸும், சிவப்பு பீட்ரூட் கீரை, மெல்லிய பச்சை கேரட் இலை. பாத்தி முனைகளில் கொத்தாக நிற்கும் ரோஜா மரங்கள், தங்கள் காய்கறியைப் பார்த்துக்கொள்ளும் துறவிகளைக் குறிப்பதாகச் சொல்வார்கள். துறவி மடங்களின் தோட்டத்திலிருந்து வந்த அமைப்பு அது. நாற்பது வகைக்குக் குறையாத காய்கள், வருடத்துக்கு இரண்டு நடவு. ஒரே குடும்பப் பயிர் ஒரே பாத்தியில் அடுத்தடுத்து வராமல் மூன்று வருடச் சுழற்சி. ஆக, அழகுக்காக எந்த இடத்தில் எந்த நிறம் வேண்டும் என்பதையும், மண்ணுக்காக எங்கே எதை நடக்கூடாது என்பதையும் சேர்த்தே யோசித்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோலம் போட வேண்டும். 2009 முதல் ரசாயனப் பூச்சிமருந்தும் கிடையாது. பயிர் மாற்றிப் பழகிய விவசாயக் குடும்பத்திலிருந்து வருகிறவன் நான். அந்தக் கணக்கை நினைத்துக்கொண்டு நின்றால் அங்கிருந்து கால் நகராது.

உங்கள் தேதியில் ஒரு விஷயம். வசந்த நடவு மார்ச்சிலிருந்து ஜூன் வரை, கோடை நடவு ஜூனில் தொடங்கி நவம்பர் வரை. ஜூன் கடைசியில் போனால் காய்கறிப் பாத்திகள் இளசாக இருக்கும், பரங்கிக்காய் பழுத்துக் கிடக்கும் காட்சியெல்லாம் ஆகஸ்ட், செப்டம்பருக்குத்தான். ஏமாற வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். பூக்களும் அலங்காரத் தோட்டமும் அப்போது நன்றாகவே இருக்கும். டிக்கெட் எடுக்கும்போது தோட்டத்துக்கு மட்டும் என்று தனியாக உண்டு, அதையே எடுங்கள். மாளிகை உள்ளறைகளை விட்டால் நஷ்டமில்லை, அந்த நேரத்தை அஸேவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மதிய உணவு. இந்த ஊர்களில் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரைதான் சமையலறை திறந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டரைக்குப் போய்ப் பசிக்கிறது என்றால் பெரும்பாலும் ஐஸ்கிரீம்தான். காலையில் தூரிலேயே ரொட்டி, தக்காளி, பழம் வாங்கிவிடுவது நல்லது. கூடவே சேன்ட்-மோர் ஆட்டுப்பால் சீஸ். உருளையாக, சாம்பல் பூசி இருக்கும், நடுவே ஒரு வைக்கோல் தண்டு செருகியிருக்கும். இந்த வட்டாரத்துக்கே உரியது. நீங்கள் கண்டிப்பான சைவம் என்றால் பாலைத் திரிக்க விலங்கு ரென்னெட் போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். ஒயின் ஒரு வாய் சுவைப்பதானால் மாலையில், சைக்கிளை விட்ட பிறகு. லிட்டருக்கு 0.5 கிராம் என்ற ரத்த ஆல்கஹால் வரம்பு சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் பொருந்தும்.

வில்லாந்திரியிலிருந்து அஸே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஊரை விட்டதுமே ஒரு மேடு. அன்றைய நாளின் ஒரே கஷ்டம் அதுதான். சின்ன கியரில் போட்டு மெதுவாக ஏறுங்கள், இறங்கித் தள்ளினாலும் பத்து நிமிடம். மேலே போனால் திறந்த வயல், கொஞ்சம் காடு, அஸே நெருங்க நெருங்க ஆப்பிள் தோப்புகள். இங்கே கொஞ்ச தூரம் கார் போகும் சாலையில் போக நேரலாம், மகளை நடுவில் விட்டு ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். வலது பக்கம்தான் ஓட்ட வேண்டும். நிழலில் நின்றுவிட்டு மறுபடி கிளம்பும்போது கை தானாக இடது பக்கம் திருப்பும், நம் ஊர்ப் பழக்கம்.

அஸே-லெ-ரிதோ ஆன்த்ர் ஆற்றின் தீவொன்றில் நிற்கிறது. சதுப்பு மண்ணில் மரக்கழிகளை அடித்து இறக்கி அதன் மேல் கட்டினார்கள். கட்டியவர் ழில் பெர்த்தெலோ, அரசரின் பொருளாளர்களில் ஒருவர். 1518இல் தொடங்கினார்கள். அவர் வேலையாக வெளியூரில் இருந்ததால் கட்டட வேலையை முன்னின்று பார்த்துக்கொண்டது மனைவி பிலிப் லெபாயி. 1527இல் அரசின் நிதிக் கணக்குகளில் விசாரணை வந்தது, நிதித் தலைவர் சாம்ப்லான்சேயைத் தூக்கில் போட்டார்கள். பெர்த்தெலோ தப்பி ஓடினார், திரும்பி வரவே இல்லை. அரசர் கோட்டையைப் பறித்துத் தன் படைத்தலைவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். நான்கு பக்கமும் சூழ வேண்டிய கட்டடம் இரண்டு பக்கத்தோடு நின்றது, இன்றும் 'ட' எழுத்து மாதிரிதான் இருக்கிறது. அந்த முடியாத மூலையைப் பார்க்கும்போது எனக்குப் பெர்த்தெலோவை விட அவர் மனைவியின் நினைவுதான் வரும். கல் கல்லாகப் பார்த்துக் கட்டியவர் அவர்.

உள்ளே இரண்டு விஷயம் தேடிப் பாருங்கள். ஒன்று படிக்கட்டு. அதுவரை பிரான்ஸில் கோட்டைப் படிக்கட்டு என்றால் பெரும்பாலும் கோபுரத்துக்குள் சுருண்டு ஏறுவதுதான். இங்கே இத்தாலிய முறையில் நேராக ஏறுகிறது, முற்றத்தைப் பார்த்துத் திறந்த வளைவுகளோடு. சுவரில் அரசரின் சின்னமான, பல்லி போன்ற சாலமாண்டரும் அரசி குளோதின் சின்னமான, கீரி போன்ற எர்மினும் செதுக்கியிருக்கும். வீடு கணக்குப்பிள்ளையுடையது, சின்னம் மட்டும் எஜமானருடையது. இன்னொன்று வெளிச்சுவரின் உச்சி. பழைய கோட்டைகளில் எதிரி மேல் கல்லைப் போட வைத்திருந்த துளை வரிசை இங்கேயும் இருக்கிறது. ஆனால் இங்கே யாரும் யாரையும் தாக்கவில்லை, அது வெறும் அழகுக்கு. இதைப் புரிந்துகொள்ள பக்கத்து லான்ஜே கோட்டையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1465இல் 11ஆம் லூயி கட்டியது. தெருப்பக்கம் தூக்குப் பாலமும் தடித்த கோபுரமுமாக நிஜக் கோட்டை, முற்றத்துப் பக்கம் போனால் பெரிய ஜன்னல்கள் வைத்த வீடு. 1491 டிசம்பர் 6 அன்று எட்டாம் சார்லுக்கும் ப்ரத்தாஞ் சீமாட்டி ஆனுக்கும் அங்கேதான் திருமணம் நடந்தது. லான்ஜேயிலிருந்து அஸே, அஸேயிலிருந்து வில்லாந்திரி என்று எழுபது எண்பது வருடத்துக்குள் சண்டைக்காகக் கட்டிய கோட்டை வாழ்வதற்கான வீடாக மாறிவிட்டது. மூன்றும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வட்டத்துக்குள். இன்னொரு நாள் கிடைத்தால் அஸேயிலேயே தங்கி மறுநாள் லான்ஜே போங்கள், கூடைப் பின்னலுக்குப் பேர்போன வில்லேன்-லே-ரோஷேவும் பக்கம்தான்.

ஷெனோன்சோவை விட மனசே வரவில்லை என்றால் அதற்கு சைக்கிள் தேவையில்லை. தூரிலிருந்து அரை மணி நேர ரயில், நிலையம் வாசலிலேயே. ஷாம்போர் ப்ளுவா நகரிலிருந்து ஒரு தனி நாள்.

திரும்பும் ரயில் பற்றிக் கவனம். அஸே நிலையம் கோட்டையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, தூருக்கு அரை மணி நேரம், ஆனால் நாளைக்குச் சில வண்டிகள்தான். ஒருமுறை என் அக்கா குடும்பத்தோடு நேரம் பார்க்காமல் ஊருக்குள் உட்கார்ந்திருந்து வண்டியைத் தவறவிட்டோம், குழந்தைகளோடு இருட்டில் மிதித்து வர வேண்டியிருந்தது. ஆகவே காலையிலேயே மாலை வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் சில வண்டிகளில் சைக்கிளுக்கு முன்பதிவு கேட்பார்கள், அதையும் பார்த்துவிடுங்கள். எடுத்த ஊரில் இல்லாமல் வேறு ஊரில் சைக்கிளை விட அனுமதிக்கும் கடைகளும் உண்டு, கிடைத்தால் ரயிலில் ஏற்றும் தொல்லையே இல்லை.

ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், அதனால் கோட்டையிலிருந்து முதல் ஆளாக வெளியே வர அவசரப்படாதீர்கள். தெற்குப் பக்கம் தண்ணீருக்கு அந்தப் புறம் ஒரு பெஞ்சு பிடித்து உட்காருங்கள். காற்று ஓய்ந்ததும் வெள்ளைச் சுவரும் நீலக் கூரையும் தலைகீழாகத் தண்ணீரில் முழுசாகத் தெரியும்.